முப்பதாவது நொடியில் சென்சார் செத்துவிடுகிறது

பாம்பன்காரன்: வள்ளத்துக்காகக் கடல்நீர் வெப்பம் பார்க்க ஒரு லினக்ஸ் போர்டு செய்தேன். பூட் ஆகி 30 நொடி வரை சென்சார் வெப்ப அளவைக் காட்டுகிறது, அப்புறம் மௌனம். உப்புக்காற்று என்று கனெக்டரை இரண்டு முறை துடைத்தாயிற்று.

மண்டபம் தம்பி: அண்ணே, உப்பு பாவம். சில்லுகளுக்குச் சீரான மின்சாரம் கொடுக்கிற ரெகுலேட்டரை யாரும் கேட்காவிட்டால், லினக்ஸின் மையமான கர்னல் அந்த நேரத்தில்தான் அணைக்கும். போர்டில் என்னென்ன இருக்கிறது என்று கர்னலுக்குச் சொல்கிற டிவைஸ் ட்ரீ கோப்பில், சென்சாருக்கான பகுதியில் (நோடில்), எந்த ரெகுலேட்டர் அதற்கு மின்சாரம் கொடுக்கிறது என்று சொல்லும் ‘விடிடி-சப்ளை’ வரி இருக்கிறதா?

பாம்பன்காரன்: இல்லை. ஆனால் சென்சாரை இயக்குகிற டிரைவர் நிரல் பிழையே சொல்லவில்லையே?

மண்டபம் தம்பி: சொல்லாது. சப்ளை எழுதாவிட்டால் கர்னல் நிஜ ரெகுலேட்டருக்குப் பதில் ஒரு டம்மி ரெகுலேட்டரைக் கொடுத்துவிடும். டிரைவர் பொம்மை ஸ்விட்சைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கும்.

கீழக்கரை: ரெகுலேட்டரை அணைக்கவே கூடாது என்று ‘ரெகுலேட்டர்-ஆல்வேஸ்-ஆன்’ போட்டாலும் ஓடும். பேட்டரிக்குத்தான் கேடு.

பாம்பன்காரன்: வேண்டாம், ராத்திரித் தொழிலுக்குப் பேட்டரி முக்கியம். சப்ளை வரியைச் சேர்த்தேன். ஒரு மணி நேரமாக ஓடுகிறது, 3.3 வோல்ட் அசையவில்லை.