கோடு முரடானால் அது குறையா, நடிப்பா?

பெரம்பூர்வாசி:
ஈசாவோ தகாஹாதா 2013இல் இயக்கிய ‘இளவரசி ககுயாவின் கதை’ என்ற, கையால் வரைந்த ஜப்பானிய அனிமேஷன் படத்தைப் போன வாரம் மொட்டை மாடியில் வேட்டியைத் திரையாகக் கட்டிப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினேன். விருந்துக்கு வந்த ஆண்கள் தன்னை இழிவாகப் பேசுவதைக் கேட்ட ககுயா, அடுக்கடுக்காக உடுத்திய பட்டாடைகளை உதறியபடி ஓடுகிறாள். அதுவரை மென்மையாக இருந்த கோடுகள் அந்த ஓட்டத்தில் கரித்துண்டால் கிறுக்கியவை போல முரடாகிவிடுகின்றன. என் மகள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் நான் படித்த விமர்சனமோ, ஓவியங்கள் முழுமை பெறவில்லை என்று ஒரே வரியில் குறைசொல்லிவிட்டுக் கதைச் சுருக்கத்துக்குப் போய்விட்டது. ஏன் இப்படி?

தண்டையார்பேட்டை தூரிகை:
என் தகப்பனார் சினிமா பேனர் வரைந்தவர். கதாநாயகனின் கன்னத்தில் நீலத்தையும் பச்சையையும் இழுத்துவிடுவார். கிட்டே நின்றால் அழுக்குப் போலத் தெரிவது, தெருவின் எதிர்ப்புறத்திலிருந்து பார்த்தால் கோபமாகத் தெரியும். விமர்சகர்கள் கிட்டே நின்று நிழற்படத்தோடு ஒப்பிடுகிறார்கள் என்பதே என் எண்ணம். நடிப்பைப் பற்றி எழுத வரும்போதும் பின்னணிக் குரல் கொடுத்தவரைத்தான் பாராட்டுகிறார்கள். 1941இல் வந்த ‘டம்போ’ என்ற டிஸ்னி அனிமேஷன் படத்தில் நாயகனான யானைக்குட்டி ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. கூண்டுக் கம்பிகளுக்கு வெளியே நீளும் தாயின் தும்பிக்கையில் அது ஊஞ்சலாடும்போது நம்மை அழவைத்தவர் யார்? பென்சில் பிடித்தவர்தானே! அந்தக் குட்டிக்கு உயிர் கொடுத்தவர்களில் முதன்மையானவரான பில் டைட்லாவின் பெயரை எத்தனை விமர்சனங்களில் பார்த்திருக்கிறீர்கள்?

ராயபுரம் ரிங்:
அண்ணன் சொல்வதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். திரையில் நொடிக்கு 24 சட்டகங்கள் (ஃபிரேம்கள்) ஓடினாலும், கையால் வரையும் படங்களில் ஓர் ஓவியத்தை இரண்டு சட்டகங்களுக்கு நிறுத்துவது வழக்கம். ஆக நொடிக்கு 12 ஓவியங்கள். வேகமான அசைவு வந்தால் 24ஐயும் தனித்தனியாக வரைவார்கள். இதை அறியாதவர்கள் ‘அசைவு விட்டுவிட்டு வருகிறது’ என்று எழுதிவிடுகிறார்கள். எங்கள் பகுதியில் குத்துச்சண்டை பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: குத்து விழுவதற்கு முன் தோள் பின்னால் போய் ஒரு கணம் நிற்கும், அந்த நிறுத்தம் இல்லாவிட்டால் குத்தில் கனம் இருக்காது. ஓவியத்தை நிறுத்துவதும் அப்படித்தான்.

வியாசர்பாடி வாசகர்:
எனக்குச் சிறு மறுப்பு உண்டு. ஒரே ஓவியத்தை நிறுத்துவது பல நேரங்களில் செலவைக் குறைக்கத்தான். வாய் மட்டும் அசையும் தொலைக்காட்சித் தொடர்களையும் கலை என்று தூக்கிப்பிடிக்க முடியுமா? விமர்சகர்களும் பாவம், ஒரே முறை பார்த்துவிட்டு அன்று இரவே எழுதித் தருகிறார்கள்.

பெரம்பூர்வாசி:
ஐயா, செலவுக்காக நிறுத்தியதையும் உணர்ச்சிக்காக நிறுத்தியதையும் பிரித்துச் சொல்லத்தானே விமர்சகர் வேண்டும்? ககுயா வீட்டுக்குள் அடக்கமாக உட்கார்ந்திருக்கும்போது கோடுகள் ஒழுங்காகவே இருக்கின்றன. ஓடும்போது மட்டும்தான் கலைகின்றன. இதைக் கவனிக்க ஒருமுறை பார்த்தால் போதும். என் மகளுக்குப் போதுமானதாக இருந்தது.