புதுப்பிப்பு: அப்பாவின் நாக்கில் ஐந்து வாரமாக ஆறாத புண்

அப்பாவின் நாக்கு ஓரத்துப் புண் பற்றிச் சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன். முப்பது வருட வெற்றிலை, புகையிலைப் பழக்கம். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையும் தடவும் ஜெல்லும் பயன் தரவில்லை. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கூர்மையான பல் உரசுகிறதா என்று ஒருவர் கேட்டார். உரசியது உண்மைதான். பல் மருத்துவர் அதைத் தேய்த்துவிட்டார். இரண்டு வாரமாகியும் புண் ஆறவில்லை. "மூன்று வாரம் தாண்டிய வாய்ப்புண்ணுக்கு மருந்து மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள், சதைப் பரிசோதனை செய்யுங்கள்" என்றவரின் சொல்தான் பலித்தது. தலை, கழுத்துப் புற்றுநோய் அறுவை மருத்துவரிடம் போனோம். புண்ணைவிட அதன் அடிப்பகுதி கெட்டியாக இருப்பதைத்தான் அவர் விரலால் தொட்டுப் பார்த்தார். நாங்கள் யாரும் தொட்டே பார்த்ததில்லை!

மரத்துப்போக ஊசி போட்டுத் துளி சதை எடுத்தார்கள். பத்து நிமிட வேலை. "கத்தி பட்டால் பரவிவிடும்" என்று அத்தை அழுததில் ஒரு வாரம் வீணானது. அப்படிப் பரவாது என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார்.

முடிவு: புற்றுநோய், முதல் நிலை. நாக்கின் ஒரு பகுதியையும் கழுத்து நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். நெறிக்கட்டிகளில் நோய் இல்லை. கதிர்வீச்சு இப்போதைக்குத் தேவையில்லையாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கைகொடுத்தது.

எதிர்பாராதது ஒன்று. அவருக்குக் காதுவலி இருந்தது, சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தோம். காதில் கோளாறே இல்லை. நாக்குக்கும் காதுக்கும் ஒரே நரம்பின் கிளைகள் போவதால் வந்த வலியாம். புண்ணோ கடைசிவரை வலிக்கவேயில்லை.

பேச்சு சற்றுக் குழறுகிறது. நேற்று ரசம் சாதம் சாப்பிட்டார், உப்பு குறைவு என்றார்.