ஒரே ஒரு முறை நடந்த கச்சேரிகள்: நேரில் இருந்தவர்கள் சொல்வது

நியூ ஜெர்சியிலிருந்து:

2007 ஜூலை 7. தேதியை எழுதிப் பாருங்கள், 07-07-07. போர்டம்ஸ் என்ற ஜப்பானியக் குழு அந்தத் தேதிக்காகவே ஒரு கச்சேரி வைத்தது. 77 டிரம்மர்கள், 77 டிரம் செட், ஆரம்பம் மாலை 7:07. இடம் புரூக்ளினில் ஆற்றை ஒட்டிய எம்பயர் ஃபுல்டன் ஃபெர்ரி பூங்கா. அனுமதி இலவசம். இது என்ன நியூமராலஜியா என்று கூட இருந்த நண்பன் கிண்டலடித்துக்கொண்டே வந்தான்.

வரிசை தெருவைத் தாண்டிப் போயிருந்தது. எங்களுக்கு உள்ளே போக இடம் கிடைத்தது, பலருக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் வெளியே நின்றே கேட்டார்கள். இந்தக் கச்சேரிக்கு அது பெரிய நஷ்டமில்லை என்றுகூடச் சொல்வேன்.

செட்கள் எல்லாவற்றையும் சுருள் சுருளாக வைத்திருந்தார்கள். போவா பாம்பு சுருண்டு கிடக்கிற மாதிரி என்பதுதான் கணக்கு, பெயரும் 'போவாட்ரம்'. நடுவில் ஒரு மேடை. அதில் குழுவின் தலைவர் யமன்தகா ஐ, யோஷிமி, இன்னும் இரண்டு டிரம்மர்கள். சுருளில் இருந்தவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குழுக்களில் வாசிப்பவர்கள். ராக் பாடகர் ஆண்ட்ரூ டபிள்யூ.கே. கூட ஒரு செட்டில் உட்கார்ந்திருந்தார்.

நான் நின்றது வெளிச்சுற்றுக்குப் பக்கத்தில். என் முன்னால் வாசித்தவருக்கு நடு மேடை சரியாகத் தெரியவே இல்லை. இடையில் அத்தனை சிம்பல் ஸ்டாண்ட், அத்தனை தலை. அவர் கண் முழுக்கப் பக்கத்து செட்காரரின் வலது மணிக்கட்டில்தான் இருந்தது. அந்தக் கை ஏறினால் இவர் கை ஏறும். அங்கே நின்றால் நின்றது. உதிரிக் குச்சிகளைக் கால் டிரம்மின் மேல் டேப் போட்டு ஒட்டி வைத்திருந்தார். ஒன்று முறிந்ததும் பார்க்காமலே அடுத்ததை உருவினார், ஒரு அடிகூடத் தவறவில்லை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சத்தம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். நடுவில் விழும் அடி 30 மீட்டர் தள்ளி இருப்பவர் காதுக்கு வர ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நொடி ஆகிவிடும். வேகமான தாளத்தில் அது நன்றாகவே தெரியும். காதை நம்பி வாசித்தால் வெளிச்சுற்று எப்போதும் பின்தங்கித்தான் இருக்கும். அதனால்தான் கண்ணும் மணிக்கட்டும். தொடக்கத்தில் சிம்பல் ஒலி நடுவிலிருந்து கிளம்பி, ஒவ்வொருவராகத் தொற்றிக்கொண்டு வெளியே வந்தது. அது என்னைக் கடந்து போன திசையைக் கண்ணை மூடிக்கொண்டே கை நீட்டிக் காட்டியிருப்பேன். ஒலிப்பதிவில் இது கிடைக்காது. இரண்டு ஸ்பீக்கருக்கு இடையில் எதைச் சுற்றவிட முடியும்?

தலைவர் ஐயின் கையில் ஒரு நீளக் கழி. பக்கத்தில் ஏழு கழுத்துள்ள ஒரு கிட்டார், பெயர் செவெனா. அதை மீட்டவில்லை, கழியால் ஓங்கி அடித்தார். அவர் அடித்ததும் 77 பேரும் சேர்ந்து இறங்குவார்கள். பூங்காவுக்கு ஒரு பக்கம் மன்ஹாட்டன் பாலம், அதில் சப்வே ரயில் ஓடும். சாதாரண நாளில் அந்தத் தடதடப்பில் பேச்சே கேட்காது. அன்று ரயில் போவது கண்ணுக்குத்தான் தெரிந்தது.

முழுக்கப் புகழ மாட்டேன். நடுவில் ஒரே தாளத்தை இழுத்துக்கொண்டே போன ஒரு பகுதி அலுப்புத்தான். நண்பன் புல்லில் உட்கார்ந்துவிட்டான். இருட்டத் தொடங்கிய பிறகு வேகம் பிடித்ததும் தானாக எழுந்தான்.

டோக்கியோவில் சில காலம் இருந்தவர்:

யமன்தகா ஐ பற்றிச் சொன்னதால் இதையும் சேர்க்கிறேன். போர்டம்ஸுக்கு முன்னால் அவர் நடத்திய குழு ஹனடராஷ். 1985 ஆகஸ்டில் டோக்கியோவில் சூப்பர் லாஃப்ட் என்ற அரங்கில் அவர்கள் செய்த காரியம் இன்றும் பேசப்படுகிறது. என்ன ஆனாலும் அரங்கம் பொறுப்பில்லை என்று ரசிகர்களிடம் எழுதி வாங்கிக்கொண்டுதான் உள்ளே விட்டார்கள். அப்புறம் ஐ மண் தோண்டும் இயந்திரம் ஒன்றைச் சுவரை இடித்துக்கொண்டு உள்ளே ஓட்டி வந்தார். பெட்ரோல் குண்டு வீசவும் தயாராக இருந்தாராம், தடுத்துவிட்டார்கள். அதோடு பல அரங்குகள் அவர்களுக்குக் கதவைச் சாத்திவிட்டன.

நான் நேரில் பார்க்கவில்லை. பழைய இசைத்தட்டு விற்கும் கடை ஒன்றில் படங்களைத்தான் பார்த்தேன். கான்கிரீட் துண்டுகளுக்கு நடுவில் இயந்திரம், ஓரத்தில் கொஞ்சம் பேர். நானும் அங்கே இருந்தேன் என்று இதுவரை சொன்னவர்களை எல்லாம் கூட்டினால் அந்த அரங்கம் தாங்காது என்றார் கடைக்காரர்.

என் கணக்கில் 77 பேர் கச்சேரிதான் பெரிய துணிச்சல். சுவரை இடிக்க ஒரு ஆள் போதும்.

லண்டனிலிருந்து:

நான் பார்த்தது கொஞ்சம் பகிடியான கதை. ஒரே ஒரு தரம் நடந்ததை 23 வருஷம் கழித்து மறுபடி நடத்தினார்கள்.

1984 ஜனவரி 3, தி மால் வீதியில் இருக்கும் ஐ.சி.ஏ. கலை மையம். பெர்லினைச் சேர்ந்த ஐன்ஸ்டுர்ட்செண்டே நொய்பவுட்டன் குழுவினர், வேறு சிலரோடு சேர்ந்து, குரலுக்கும் இயந்திரங்களுக்குமான கச்சேரி என்று ஒன்றைத் தொடங்கினார்கள். வாத்தியம் எல்லாம் கான்கிரீட் மிக்ஸர், வீதி உடைக்கும் டிரில், மரம் அறுக்கும் ரம்பம். மேடையையே துளைக்கப் பார்த்தார்கள். கீழே பக்கிங்ஹாம் அரண்மனைக்குப் போகிற சுரங்கம் இருக்கிறது, அதைத் தோண்டப் பார்த்தார்கள் என்றும் ஒரு கதை. அரை மணித்தியாலம் ஆவதற்குள் நிர்வாகம் நிறுத்திவிட்டது, சனம் கொந்தளித்துவிட்டது.

2007 பிப்ரவரியில் ஜோ மிட்செல் என்ற கலைஞர் அதே ஐ.சி.ஏ.வில் அதை அப்படியே திருப்பி நடத்தினார். கலவரமும் ஒத்திகை பார்த்த கலவரம்தான். எனக்கு முன்னால் ஒருவர் மேடையில் ஏறப் பார்த்து இழுபட்டார். நடிகரா, காசு கொடுத்து வந்தவரா என்று கடைசி வரை விளங்கவில்லை. அவருக்குப் பின்னால் நின்ற பெண் தன் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் ஒதுங்கினார், அவர் மட்டும் நடிகை இல்லை என்பது நிச்சயம்.

சத்தமும் தூசியும் உண்மைதான். ஆனால் 1984இல் இருந்தவர்களுக்கு அடுத்த நிமிஷம் என்ன நடக்கும் என்று தெரியாது. எங்களுக்குத் தெரியும். அந்த ஒன்றை மட்டும் எந்த ஒத்திகையாலும் கொண்டுவர முடியவில்லை. 77 டிரம்மர்களை இப்படித் திருப்பி நடத்தினால் எடுபடும் என்று நினைக்கிறேன், ஏனெனில் அது வாசிப்பு. இது விபத்து.

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து:

லண்டன்காரர் சொல்வதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. போர்டம்ஸ் அடுத்த வருடமே 88 பேரோடு வந்தார்கள், அதற்கு நான் போயிருந்தேன். 2008 ஆகஸ்ட் 8, இரவு 8:08, லா பிரேயா தார்க் குழிகளுக்குப் பக்கத்துப் புல்வெளி. அதே தேதியில்தான் பெய்ஜிங் ஒலிம்பிக்ஸும் தொடங்கியது, எட்டு மோகம் உலகம் முழுக்க இருந்தது. பூமியிலிருந்து தார் ஊறி வருகிற இடம் அது. புதிதாக ரோடு போட்ட வாசனை காற்றில் வந்துகொண்டே இருந்தது.

நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வந்திருந்தவர்களில் பாதிப் பேர் 77ஐ மனதில் வைத்துக்கொண்டு ஒப்பிட வந்தவர்கள். எனக்கு முன்னால் இருந்த இருவர் "புரூக்ளின்ல இப்படி இல்லப்பா" என்கிற தொனியில் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே இருந்தார்கள். வாசிப்பாகவே இருந்தாலும் இரண்டாம் தடவை வேறு சமாச்சாரம்தான்.

அதே நாளில் நியூயார்க்கிலும் கேங் கேங் டான்ஸ் குழு தலைமையில் இன்னொரு 88 பேர் வாசித்தார்கள். அதற்குப் போனவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். அங்கும் சுருளாகத்தான் உட்கார வைத்தார்களா?