அட்வான்ஸ்ட் பிராக்டிகமுக்குத் தமிழ்: 'மேற்பயில்வு' எண்டு வைப்பமோ?

எல்லாருக்கும் வணக்கம்,

தம்பி போன கிழமை அட்வான்ஸ்ட் பிராக்டிகமுக்கு (பிராக்டிகம் எண்டா கவுன்சலிங் படிக்கிறவை உண்மையான ஆக்களோட இருந்து செய்யிற பயிற்சி, அதில ஒண்டு முடிச்சாப்பிறகு வாற அடுத்த கட்டம் இது) தமிழில ஒரு சொல் கேட்டதோட ஆளாளுக்கு அனுப்பி இப்ப ஒரு சாக்கு நிறையச் சொல் சேர்ந்திட்டுது, சந்தோசம், ஆனா வாசிச்சுப் பாத்தா முக்கால்வாசி இங்கிலீஷ் சொல்லைப் பாத்து உருவின சொல்லுகள், அந்த வேலையைப் பாத்து வைச்சதில்லை. கவுன்சலிங் டிப்ளோமா கையேட்டை வெள்ளவத்தையில இருந்து தமிழாக்கிக்கொண்டிருக்கிறது நாங்கள், அதை வாசிக்கப் போறது மட்டக்களப்புப் பிள்ளை, ஹற்றன் பிள்ளை, கொட்டாஞ்சேனைப் பிள்ளை. அதால முதல்ல அங்க என்ன நடக்குதெண்டு சொல்லிப்போட்டு சொல்லுக்கு வாறன், நீளமா இருந்தா மன்னிக்கோணும்.

அமெரிக்காவில கவுன்சலிங் முதுமாணி, காக்ரெப் (CACREP, கவுன்சலிங் பாடநெறிகளைத் தரம் பாக்கிற அமைப்பு) தரச்சான்று உள்ள பாடநெறியெண்டா, முதல் பிராக்டிகம் ஆகக் குறைஞ்சது 100 மணித்தியாலம், அதில 40 மணித்தியாலம் துணைநாடியோட (உதவி தேடி வாற ஆள், கிளையன்ட்) நேருக்கு நேர் இருக்கோணும், பிறகு இன்டர்ன்ஷிப் 600 மணித்தியாலம், அதில 240 நேரடி. உளவியல் கலாநிதிப் படிப்புக்காரருக்குக் கணக்கு வேற, அவை ஒரு இடம் மாறி இன்னொரு இடம் எண்டு வருசக்கணக்கா பிராக்டிகம் செய்து கடைசியிலதான் ஒரு வருச இன்டர்ன்ஷிப்புக்குப் போறவை. முதல் பிராக்டிகத்துக்கும் இன்டர்ன்ஷிப்புக்கும் நடுவில வாறதுதான் நாங்கள் சொல்லுத் தேடுற கட்டம். பல்கலைக்கழக கவுன்சலிங் நிலையங்கள் இந்தக் கட்டத்து மாணவரை எடுக்கேக்க, எங்கயாவது ஒரு பிராக்டிகம் முடிச்சு ஆக்களோட இருந்து பழகினவையா எண்டுதான் பாக்கிறவை. வந்தாப்பிறகு முதல் சந்திப்பில கதை கேட்டு எழுதுறது, தனக்கெண்டு சில துணைநாடிகளைக் கிழமைக்குக் கிழமை கொண்டுபோறது, குழு அமர்வில நிலைய ஆளோட சேந்து இருக்கிறது, திடீரெண்டு அழுதுகொண்டு வாற பிள்ளையை முதல்ல சந்திக்கிறது எல்லாம் செய்யவேண்டி வரும். அனுமதி வாங்கி அமர்வை வீடியோவில பதியிறதும், கிழமைக்கொருக்கா சுப்பவைசரோட (மாணவரின்ர வேலைக்குப் பொறுப்பான மூத்த ஆள்) தனிய ஒரு மணித்தியாலம் இருந்து அந்தப் பதிவைப் பாக்கிறதும் இதோட சேந்தது. பொறுப்பு முழுக்க சுப்பவைசர்ட லைசன்ஸிலதான், மாணவர் எழுதின குறிப்பிலயும் அவர் கையெழுத்து விழும்.

இதில 'அட்வான்ஸ்ட்' எண்டது பாடம் கஷ்டமெண்ட கருத்தில்லை, சுப்பவைசர் பிடியை எவ்வளவு தளத்திவிட்டிருக்கிறார் எண்ட கணக்கு. எங்கட சொல்லும் அந்தப் பக்கம்தான் போகோணும் எண்டது என்ர நிலைப்பாடு.

இனி வந்த சொல்லுகள்.

> உயர்நிலைச் செய்முறைப் பயிற்சி

செய்முறை எண்டோன்ன எங்கட பிள்ளையளுக்கு ஏ.எல் கெமிஸ்ட்ரி லாப்தான் வரும், பிப்பெட்டை உறிஞ்சிக்கொண்டு நிக்கிற படம். போதாக்குறைக்கு இங்க 'உயர்தரம்' எண்டாலே ஏ.எல், அதுக்குப் பக்கத்தில 'உயர்நிலை'யையும் கொண்டுவந்து வைச்சா ஏதோ ஸ்கூல் பரீட்சை எண்டுதான் வாசிப்பினம்.

> மேம்பட்ட களப்பயிற்சி

மேம்பட்ட எண்டதை ஃபோன் செட்டிங்ஸிலயே விட்டிடுவம். களமும் பொருந்தாது, களத்துக்குப் போறது சமூகசேவை படிக்கிற பிள்ளை, குடும்பநல மிட்வைஃப், இந்தப் பிள்ளை கதவு சாத்தின அறைக்குள்ள கதிரையில இருக்கிற பிள்ளை.

> முதுநிலைப் பயிற்சி

சென்னை அன்பர்கள் கோவிக்கக்கூடாது, உங்களுக்கு முதுநிலை எண்டா பட்டத்துக்குப் பிந்தின படிப்பு, எங்களுக்கு அது பட்டப்பின். ரெண்டு கரையிலயும் ரெண்டு விதமா விளங்கிற சொல்லைக் கையேட்டில போட ஏலாது.

> தேர்ச்சிநிலைப் பயில்வு

இதில பின்பாதி பிடிச்சிருக்கு, கீழ வாறன். முன்பாதி வேண்டாம், இங்க ஆசிரியர் வழிகாட்டி நூலுகளில 'தேர்ச்சி', 'தேர்ச்சி மட்டம்' எண்டு கொம்பிட்டன்சிக்குக் குடுத்து நெடுநாளாச்சு, அதை இதுக்கும் இழுத்தா கையேட்டின்ர மதிப்பீட்டு அத்தியாயத்தில நாங்களே மாட்டுப்படுவம்.

உள்ளகப் பயிற்சி, கட்டுறுப் பயிற்சி ரெண்டையும் பற்றிச் சுருக்கமா. முதலாவது வைத்தியருக்குப் போட்டுது, 'உள்ளகப் பயிற்சி வைத்தியர்' எண்டு பேப்பரில வராத மாதமில்லை. ரெண்டாவது கல்வியியற் கல்லூரி ஆக்களுக்கு, ரெண்டு வருசம் உள்ள இருந்து படிச்சிட்டு மூண்டாவது வருசம் பாடசாலைக்குப் போறதுக்கு. ரெண்டுமே இன்டர்ன்ஷிப். அதில ஒண்டை எங்கட இன்டர்ன்ஷிப்புக்கு வைச்சுக்கொள்ளுவம், பிராக்டிகத்தை அதோட கலக்கவேண்டாம், மணித்தியாலக் கணக்கு வேற வேறயா இருக்கேக்க சொல்லும் வேறயாத்தான் இருக்கோணும்.

கவுன்சலிங்குக்கு என்ன சொல்லெண்ட பழைய சண்டையை ஆரும் திரும்பத் தோண்டவேண்டாம் தயவுசெய்து. உளவளத்துணை, சீர்மியம், ஆற்றுப்படுத்தல், ஆலோசனை எல்லாம் புழங்குது, ஆற்றுப்படுத்தல் எனக்கும் அழகாத்தான் படுது, பரிசில் வாங்கின பாணன் எதிர்ல வாறவனுக்கு வழி சொல்லுற அந்தப் பழைய முறை அதுக்குள்ள இருக்கு. ஆனா அரசாங்கத்தில 'உளவளத்துணை உத்தியோகத்தர்' எண்டு பதவியே இருக்கு, கையேட்டில அதுதான் போகும். ஆலோசகர் எண்டதை மட்டும் கட்டாயம் தவிர்க்கோணும். கம்பஸில 'மாணவர் ஆலோசகர்' எண்டா ஒரு லெக்சரர், படிப்பிக்கிற வேலையோட சேத்து நியமிக்கிறது, பிள்ளையள் அவரிட்டப் போறது ஹொஸ்டல் பிரச்சினைக்கு, மகாபொல உதவிப்பணம் பிந்தினதுக்கு, பகிடிவதை முறைப்பாட்டுக்கு. விசாரணை பக்கமும் நிக்கிற ஆளிட்ட ஒரு பிள்ளை நெஞ்சைத் திறக்குமோ? அந்தப் பேரையும் இந்த வேலையையும் ஒண்டாக்கினா பாதிப் பேர் வாசலோட திரும்பிப் போயிடுவினம்.

சரி, என்ர சொல். பிராக்டிகம் = பயில்வு, அட்வான்ஸ்ட் பிராக்டிகம் = மேற்பயில்வு.

பயில் எண்டதுக்குப் படிக்கிறதெண்டும் கருத்து, செய்து செய்து பழகிறதெண்டும் கருத்து, பரதம் பயிலுறம் எண்டா புத்தகம் வாசிக்கிறமெண்டு ஆரும் நினைக்கிறேல்ல. 'பயிலுனர்' இங்க புதுசுமில்லை, பயிலுனர் சட்டத்தரணி எண்டு கோர்ட்டுகள் இருக்கிற புதுக்கடைப் பக்கம் எவ்வளவு பேர், அவையும் ஒரு மூத்தவரின்ர கீழ உண்மையான வழக்குக் கட்டோடதான் நிக்கினம். அப்ப ஸ்டூடன்ட் தெரப்பிஸ்டும் பயிலுனர் உளவளத்துணையாளர் எண்டு தானா வந்து விழும். மேற்படிப்பு எண்டு ஆச்சிமாரும் சொல்லுவினம், ஒண்டு முடிச்சு அதுக்கு மேல போறதெண்டு அதில விளக்கமில்லாமலே விளங்குது, அதே அச்சில மேற்பயில்வு. முதல் ஒரு பயில்வு முடிஞ்சிருக்கோணும் எண்ட நிபந்தனையும் சொல்லுக்குள்ளயே வந்திட்டுது, அதுதான் எனக்குப் பெரிய லாபம்.

மருதானை அக்கா தனிமெயிலில 'துணைப்பயில்வு' எண்டு கேட்டவ, உளவளத்துணையின்ர துணை. நல்ல எண்ணம்தான், ஆனா அக்கா, துணைப்பாடம், துணைவேந்தர் எண்ட பழக்கத்தில அதை உப பயில்வு எண்டுதான் எடுப்பினம்.

இப்ப என்னைக் கூட அலைக்கழிக்கிறது சுப்பவிஷன். மேற்பார்வை எண்டு போட்டிருக்கிறன், மனம் ஒப்பேல்ல. மேற்பார்வை எண்டா பரீட்சை மண்டபத்தில நடந்து திரியிற ஆள், சைட்டில சீமெந்து மூட்டை எண்ணுற ஆள். இது அதில்லை. அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரொஜர்ஸ் 1940களின்ர தொடக்கத்தில ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில அமர்வுகளை இசைத்தட்டில பதிஞ்சு மாணவரோட இருந்து கேக்கத் தொடங்கினவர், அதுக்கு முதல் மாணவன் ஞாபகத்தில சொல்லுறதைத்தான் ஆசிரியர் நம்போணும். பதிவு வந்தாப்பிறகுதான் 'இந்த இடத்தில நிப்பாட்டு, அவள் அதைச் சொல்லேக்க நீ ஏன் கதையை மாத்தினாய்' எண்டு கேக்க ஏலுமாச்சு.

கொழும்பில இதுக்கு மேல இன்னொரு கரைச்சல். அமர்வு தமிழில, குறிப்பு இங்கிலீஷில, சுப்பவைசருக்குத் தமிழ் தெரியாது. உதாரணத்துக்குச் சொல்லுறன், ஒரு பிள்ளை வந்து 'நெஞ்சுக்க என்னவோ அடைச்சுக்கொண்டு நிக்குது மிஸ், சோறு இறங்குதில்லை, அம்மாட்ட சொன்னா சோதினைப் பயம் எண்டிட்டு ஃபோனை வைச்சிட்டா' எண்டு சொல்லுது எண்டு வையுங்கோ. பயிலுனர் இங்கிலீஷில எழுதுறது எங்சைட்டி, பசி குறைவு, பரீட்சை அழுத்தம். மூண்டும் பிழையில்லை. ஆனா ஃபோனை வைச்ச அம்மா எங்க? 'எண்டிட்டு' எண்டு அந்தப் பிள்ளை இழுத்த இழுவை எங்க? சுப்பவைசர் அந்தக் குறிப்பை வாசிச்சிட்டு மூச்சுப் பயிற்சி சொல்லிக்குடு எண்டுவார், அவரைக் குறை சொல்லவும் ஏலாது, அவருக்குக் கிடைச்சது அவ்வளவுதான். அதால கையேட்டில ஒரு வரி சேக்கச் சொல்லிக் கேக்கப்போறன், மேற்பயில்வில கிழமைக்கு ஒரு பதிவாவது அமர்வு நடந்த மொழியிலயே பாக்கப்படவேணும், தமிழ் தெரிஞ்ச மூத்த ஆள் ஒருத்தர் பக்கத்தில இருக்கவேணும். கலைச்சொல் பட்டியலுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தமெண்டு கேப்பினம், கேக்கட்டும்.

– வெள்ளவத்தையிலயிருந்து

---

மறுமொழி:

அண்ணா, மேற்பயில்வுக்கு என்ர ஓட்டு. ஒரு சந்தேகம், கிளாஸில வாயால சொல்லேக்க மேற்பார்வை, மேற்பயில்வு ரெண்டும் அடுத்தடுத்து வந்தா குழம்பாதோ? 'மேற்பயில்வு மேற்பார்வையாளர்' எண்டு ஒருக்கா சொல்லிப் பாருங்கோ, நாக்கு சுளுக்கும். சுப்பவிஷனுக்கு 'நெறியாள்கை' எண்டு போட்டா என்ன? நாடகக்காரர் எங்கட பக்கம் நெடுக பாவிக்கிற சொல், நடிக்கிறது ஒருத்தர், வெளியில நிண்டு பாத்துச் சொல்லுறது இன்னொருத்தர். அமர்வு மொழி பற்றின வரியைக் கட்டாயம் சேருங்கோ, இங்கயும் அதே பிரச்சினைதான், எங்களுக்கு சுப்பவிஷன் கொழும்பிலயிருந்து ஸூமில நடக்கிறது.

– மட்டக்களப்பு

---

மறுமொழி:

தங்கச்சி, சொல்லிப் பாத்தன், சுளுக்கினது உண்மை. நெறியாள்கை நல்லாயிருக்கு, ஆனா நாடகத்தில நெறியாளர் சொன்ன மாதிரி நடிகர் செய்யோணும், இங்க பிள்ளை தானா முடிவெடுக்கப் பழகோணும், மேற்பயில்வில இன்னும் கூட. எண்டாலும் சீமெந்து மூட்டையை விட இது எவ்வளவோ மேல். கலைச்சொல் ஷீற்றில நெறியாள்கையை முன்னுக்கும் மேற்பார்வையைச் சாய்கோடு போட்டுப் பின்னுக்கும் போட்டிருக்கிறன், பயில்வும் மேற்பயில்வும் ஏறியாச்சு. அச்சுக்குப் போறது அடுத்த மாதம், மறுப்பு இருக்கிறவை அதுக்கு முதல் சொல்லுங்கோ, வெறும் 'பிடிக்கேல்ல' எண்டு எழுதாமல் மாற்றுச் சொல்லோட வாங்கோ. ட்ரெயினீ லொக்புக்குக்கு இன்னும் ஒண்டும் வரேல்ல, 'பயில்வேடு' எண்டு ஒரு யோசினை இருக்கு, அதையும் ஒருக்காப் பாருங்கோ.