கதை எழுதுபவருக்கு வலைப்பூ: எதைப் போடுவது, எதைப் போடாமல் வைப்பது?

கேள்வி கேட்டவர்: புதுமழை (பதில் சொல்பவர்களும் அவரவர் புனைபெயரில்)

வணக்கம். சிறுகதை எழுதுகிறேன். இரண்டு கதை சிற்றிதழில் வந்தது. ஏழு கதை வெளிவராமல் கணினியில் கிடக்கிறது. நாவல் ஒன்று 40,000 சொல்லில் நிற்கிறது. ஃபேஸ்புக்கில் எழுதினால் மூன்றாம் நாள் தேடி எடுக்க முடிவதில்லை என்று பிளாக்கரில் இலவச முகவரி எடுத்து எட்டுப் பதிவு போட்டாயிற்று. சந்தேகங்கள்:

1. பிளாக்கரே போதுமா, காசு கொடுத்து வேர்ட்பிரஸ் போக வேண்டுமா?
2. நாவலை வாரம் ஒரு அத்தியாயமாகப் போடலாமா?
3. ஒரு பதிவுக்கு 20 பார்வையைத் தாண்டவில்லை. வாசகர் எப்படி வருவார்கள்?
4. இணைப்பை வாட்ஸப்பில் அனுப்பினால் கதைத் தலைப்புக்குப் பதில் "பிளாக்-போஸ்ட்_17" என்று முகவரி வருகிறது. ஏன்?

மெய்ப்பு:

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றதெல்லாம் தப்பாகப் போனாலும் பிறகு சரிசெய்யலாம், இது முடியாது.

வலைப்பூவில் போட்ட கதை வெளிவந்த கதைதான். இருபது பேர் படித்தாலும் அப்படித்தான். பல இதழ்களும் போட்டிகளும் "அச்சிலோ இணையத்திலோ வெளிவராத படைப்பு" என்றுதான் கேட்கின்றன. அப்புறம் பதிவை நீக்கிவிட்டு அனுப்பலாம் என்றால், யாரோ நகலெடுத்து ஒட்டிய இடத்தில் அது கிடக்கும். கதையின் முதல் வரியை மேற்கோள்குறிக்குள் போட்டுத் தேடினால் அகப்பட்டுவிடும். எனவே அந்த ஏழில் கை வைக்காதீர்கள். சிற்றிதழில் வந்த இரண்டையும் தாராளமாகப் போடலாம். அடுத்த இதழ் வந்தபிறகு, ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, கதையின் கீழே இதழின் பெயரும் மாதமும் குறித்துப் போடுங்கள்.

நாவலில் இன்னொரு சிக்கல். அமேசானின் கிண்டிலில் நீங்களே வெளியிடுவதாக இருந்தால், இந்திய வாசகர் வாங்கும் பிரதிக்கு 70 விழுக்காடு உரிமைத்தொகை வேண்டுமென்றால் கேடிபி செலக்டில் (மின்னூலை அமேசானுக்கு மட்டுமே தரும் திட்டம்) சேர்ந்தாக வேண்டும், சேராவிட்டால் 35. சேர்ந்தால் 90 நாளைக்கு அந்த நூலின் மின்வடிவம் வேறெங்கும் இருக்கக்கூடாது, உங்கள் சொந்த வலைப்பூவிலும்கூட. மாதிரிக்குப் பத்து விழுக்காடு வரை வைத்துக்கொள்ளலாம். 40,000 சொல்லுக்கு 4,000, அதாவது இரண்டு அத்தியாயம். அந்த 90 நாளும் தானாகவே புதுப்பித்துக்கொண்டு போகும், நிறுத்த வேண்டுமென்றால் நாம்தான் குறியை எடுக்க வேண்டும். அச்சு நூலுக்கு இந்தக் கட்டு கிடையாது.

ஜெயமோகன் வெண்முரசு என்ற மகாபாரத நாவல் வரிசையை 2014 ஜனவரி 1 முதல் 2020 ஜூலை வரை இணையத்தில் இலவசமாகத் தொடராக வெளியிட்டார், நூல்களாகவும் விற்றது என்று உடனே யாராவது சொல்வார்கள். அவருக்கு அந்த முதல் நாளிலேயே பெரிய வாசகர் வட்டம் இருந்தது. முதல் நாவல் எழுதுபவர் தொடர் போட்டால் நடப்பது வேறு: ஏழாம் அத்தியாயத்தில் ஒரு பாத்திரத்தின் வயதை மாற்ற வேண்டியிருக்கும், ஆனால் மூன்றாம் அத்தியாயம் ஏற்கெனவே வெளியே போயிருக்கும். தொடர் போட்டே தீருவேன் என்றால் நாவலை முழுதும் எழுதி, ஒருமுறை திருத்தி முடித்த பிறகு போடுங்கள்.

அப்படியானால் வலைப்பூவில் என்னதான் போடுவது? நாவலுக்காகத் திரட்டி, நாவலுக்குள் போகாத சரக்கு. உப்பளம் பற்றிய நாவல் என்றால் பாத்தி கட்டுவது, உப்பு வாருவது, கூலிக் கணக்கு, அந்தத் தொழிலின் சொற்கள். இதைத் தேடி வருகிறவர்தான் நாளைக்கு அந்த நாவலையும் வாங்குவார். கூடவே மாதம் ஒரு புத்தக மதிப்புரை.

கம்பிவடம்:

1க்கும் 4க்கும் நான்.

பிளாக்கரே போதும். எழுதுறவங்களுக்கு வேர்ட்பிரஸ் ஹோஸ்டிங் (தளத்தை வைக்கிற இடம்) வாங்கினா பிளக்இன் (கூடுதல் வசதி நிரல்) புதுப்பிக்கிறது, பேக்கப் எடுக்கிறதுன்னு தனி வேலை வந்துடும். முதல் வருஷம் மலிவா காட்டிட்டுப் புதுப்பிக்கும்போது விலை ஏறுறதும் உண்டு. பிளாக்கர்ல ஹோஸ்டிங் இலவசம், டொமைன் (சொந்த இணைய முகவரி) மட்டும் வாங்குங்க, வருஷத்துக்குச் சுமார் ஆயிரம் ரூபாய் ஆகும். புத்தகப் பேர்ல வாங்காதீங்க, உங்க பேர்ல வாங்குங்க. ரெண்டாவது புத்தகம் வரும்போது முகவரியை மாத்த முடியாது.

இணைக்கிறது: டொமைன் விற்றவர் பக்கத்துல டிஎன்எஸ் அமைப்புக்கு (முகவரி எந்தக் கணினிக்குப் போகணும்னு சொல்ற இடம்) போய் "டபிள்யூடபிள்யூடபிள்யூ"வுக்கு ஒரு சிநேம் (இந்தப் பேர் இன்னொரு பேருக்குப் போகணும்னு சொல்ற குறிப்பு), அது ஜிஎச்எஸ்.கூகுள்.காம்-ஐக் காட்டணும். ரெண்டாவது சிநேமை பிளாக்கரே தரும், ஆளுக்கு ஆள் மாறும், அப்படியே ஒட்டுங்க. டபிள்யூ இல்லாம அடிச்சாலும் வரணும்னா நாலு ஏ ரெக்கார்டு (பேரை எண் முகவரிக்கு இணைக்கிற குறிப்பு): 216.239.32.21, 216.239.34.21, 216.239.36.21, 216.239.38.21. நிறைய பேர் இந்த நாலை விட்டுட்டு "பாதிப் பேருக்குத் தளம் திறக்கல"ன்னு வருவாங்க. கடைசியா எச்டிடிபிஎஸ்-ஐ (பாதுகாப்பான இணைப்பு) இயக்குங்க. உடனே பச்சைக்கொடி வராது, ஒரு நாள் பொறுங்க. பழைய பிளாக்ஸ்பாட் இணைப்புகள் தானா புது முகவரிக்குத் திரும்பிடும்.

இப்ப அந்த "பிளாக்-போஸ்ட்_17". பிளாக்கர் முகவரி செய்யும்போது தலைப்புல இருக்கிற ஆங்கில எழுத்தையும் எண்ணையும் மட்டும்தான் எடுத்துக்கும். முழுத் தமிழ்த் தலைப்புன்னா அதுக்கு ஒண்ணும் மிஞ்சாது, பொதுப்பேர் ஒட்டி விட்டுடும். வெளியிடும் முன்னாடி வலப்பக்கம் பெர்மாலிங்க் (பதிவோட நிலையான முகவரி) திறந்து "கஸ்டம்" தேர்ந்தெடுத்து, தலைப்பை ஆங்கில எழுத்துல, எல்லாம் சின்ன எழுத்தா, சொல்லுக்கு நடுவுல சிறுகோடு வச்சு அடிங்க.

வேர்ட்பிரஸ்ல நேர் எதிர்த் தொல்லை. அது தமிழை ஏத்துக்கும், ஆனா நகலெடுத்து ஒட்டும்போது ஒவ்வொரு குறியும் மூணு பைட்டா (கணினி சேமிக்கிற அலகு), பைட்டுக்கு மூணு எழுத்தா விரியும். "ஆற்றோரத்து வீடு"ன்னு ஒரு தலைப்பு. மெய்ப்புள்ளி, கொம்பு, கால் எல்லாம் சேர்த்து 14 குறி. ஒண்ணுக்கு ஒன்பதுன்னா 126, நடுவுல ஒரு கோடு, ஆக 127 எழுத்துக் குப்பை. வேர்ட்பிரஸ் 200ல வெட்டும், 22 குறிதான் தாங்கும். அதனால அங்கேயும் ஸ்லக்கை (முகவரியில தலைப்பு வர்ற பகுதி) கையால அடிக்கிறதே நல்லது.

புதுமழை:

நன்றி கம்பிவடம் அண்ணா. ஏற்கெனவே போட்ட எட்டையும் மாற்றினால் அனுப்பிய இணைப்பெல்லாம் உடைந்துவிடாதா?

மெய்ப்பு சார், நாவல் தொடர் வேண்டாம் என்று முடிவுசெய்துவிட்டேன். வெளிவராத கதை ஒன்றை மட்டும் ஏற்கெனவே போட்டிருந்தேன், அதை என்ன செய்வது?

கம்பிவடம்:

உடையும், அதுக்கும் வழி இருக்கு. பதிவை வரைவுக்குத் திருப்பி, பெர்மாலிங்கை மாத்தி, மறுபடி வெளியிடுங்க. அப்புறம் செட்டிங்ஸ்ல "கஸ்டம் ரீடைரக்ட்ஸ்". பழைய முகவரியைச் சாய்கோட்டுலேர்ந்து மட்டும் போடணும், டொமைன் பேர் சேர்க்கக்கூடாது. "பெர்மனென்ட்"டை இயக்க மறந்துடாதீங்க. எட்டுப் பதிவுங்கிறதால செய்யச் சொல்றேன். எண்பது இருந்தா விட்டுட்டு இனிமே சரியா போடுங்கன்னுதான் சொல்லியிருப்பேன்.

இன்னொண்ணு: ஃபோன்லேர்ந்து இணைப்பை நகலெடுத்தா கடைசியில "?எம்=1"னு ஒட்டிக்கும். அதை அழிச்சுட்டு அனுப்புங்க, இல்லேன்னா கணினியில திறக்கிறவருக்கு மொபைல் வடிவம் வந்து நிக்கும்.

மெய்ப்பு:

அந்தக் கதை அங்கேயே இருக்கட்டும். வெளிவந்துவிட்டது என்று கணக்கு வைத்துக்கொண்டு, போட்டிக்கு அனுப்பாமல் தொகுப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். தொகுப்பில் இணையத்தில் வந்த கதை இருப்பதைப் பதிப்பாளர்கள் பொதுவாகக் குறையாக எடுப்பதில்லை. மறைத்தால்தான் கோபம் வரும்.

கொம்புகால்:

யாரும் எழுத்துருவைப் பேசவில்லை, அதனால் நான். உங்கள் பழைய கதைகள் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்தவையா? அப்படியானால் நேரே ஒட்டக்கூடாது, யூனிகோடாக (எல்லாக் கருவியிலும் தெரியும் பொதுக் குறியீடு) மாற்றி ஒட்டுங்கள். மாற்றியபின் முழுக்கப் படியுங்கள். கண்ணுக்குத் தப்பும் பிழை இரண்டு. "கௌரி"யை "கெளரி" என்று அடிப்பது: முதலாவதில் ஔகாரக் குறி, இரண்டாவதில் ஒற்றைக்கொம்பும் ளகரமும். திரையில் ஏறக்குறைய ஒன்றுபோல்தான் தெரியும், ஆனால் கௌரி என்று தேடுகிறவருக்குக் கெளரி அகப்படமாட்டாள். அடுத்தது துணைக்காலுக்குப் பதில் ரகரம்: "பார்" என்பது "பரர்" ஆகி நிற்கும். சந்திப்பிழைக்கு "நாவி", எழுத்துப்பிழைக்கு "வாணி" என்று இலவசத் திருத்திகள் இணையத்தில் உண்டு. அவை சொல்வதையெல்லாம் ஏற்காதீர்கள், வட்டார வழக்கு உரையாடலை முழுக்கச் சிவப்பாக்கிவிடும்.

வேர்டிலிருந்து ஒட்டும்போது கண்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் அழுத்துங்கள். வெறும் ஒட்டு என்றால் வேர்டின் எழுத்துரு, அளவு, நிறம் எல்லாம் ஒளிந்து வந்து பத்திக்குப் பத்தி வேறு அளவாகும்.

எழுத்து அளவு 18 பிக்சல், வரி இடைவெளி 1.7 அல்லது 1.8. ஆங்கிலத்துக்கு வைக்கிற 1.4இல் மேல்வரியின் உகரச் சுழியும் கீழ்வரியின் விலங்கும் முட்டிக்கொள்ளும். நோட்டோ செரிஃப் தமிழ் என்ற எழுத்துரு நீண்ட வாசிப்புக்கு நன்றாக இருக்கிறது. இருபக்கமும் சமன் செய்யாதீர்கள்: தமிழ்ச் சொல் நீளம், ஃபோன் திரையில் ஒரு வரிக்கு மூன்று சொல்தான் வரும், இடையில் ஓட்டை ஓட்டையாகும். சாய்வெழுத்தும் வேண்டாம். தமிழ் எழுத்துருக்களில் பெரும்பாலும் தனிச் சாய்வு கிடையாது, உலாவி நேரெழுத்தையே தள்ளிச் சாய்க்கும்.

கடைசிப்பக்கம்:

மூன்றாவது கேள்விக்கு.

2004இல் வந்த தமிழ்மணம் போன்ற, பல வலைப்பூக்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் காட்டும் திரட்டிகள் ஓங்கியிருந்த காலத்தில் பதிவு போட்டதும் முகப்பில் தெரியும், ஆள் வருவார். அந்தத் தெரு இப்போது இல்லை. கூகுள், வாட்ஸப், மின்னஞ்சல் என்று மூன்று வாசல்தான் மிச்சம்.

கூகுளுக்கு: சர்ச் கன்சோலில் (தேடலில் உங்கள் தளம் எப்படி வருகிறது என்று காட்டும் கூகுள் கருவி) தளத்தைச் சேர்த்து, சைட்மேப் (தளத்தின் பக்கப் பட்டியல்) முகவரியைக் கொடுங்கள். சில நாளில் "ராபாட்ஸ் கோப்பு தடுத்தது" என்று பட்டியல் வரும் (எதைப் படிக்கக்கூடாது என்று தேடுபொறிக்குச் சொல்லும் கோப்பு அது). திறந்து பாருங்கள், அத்தனையும் லேபிள் பக்கங்களாக (ஒரே குறிச்சொல் கொண்ட பதிவுகளின் பட்டியல்) இருந்தால் விட்டுவிடுங்கள். பிளாக்கர் அவற்றை வேண்டுமென்றேதான் தடுக்கிறது. தலைப்பில் தேடுகிற சொல் இருக்கட்டும். "வெள்ளைத் தங்கம்" என்று கட்டுரைக்குத் தலைப்பு வைத்தால் உப்பளத்தைத் தேடுகிறவருக்கு எப்படித் தெரியும்? கதைக்கு எப்படி வேண்டுமானாலும் வையுங்கள், கட்டுரைக்கு வேண்டாம்.

வாட்ஸப்புக்கு: பதிவில் ஒரு படமாவது இருந்தால்தான் முன்தோற்றம் எடுப்பாக வரும், 1200க்கு 630 பிக்சல். "சர்ச் டிஸ்கிரிப்ஷன்" பெட்டியில் 150 எழுத்துக்குள் இரண்டு வரி எழுதுங்கள்.

மின்னஞ்சல்தான் மூன்றிலும் நிலையானது, அதைத்தான் யாரும் செய்வதில்லை. பழைய வார்ப்புருக்களில் இருக்கும் "மின்னஞ்சலில் பெற" பெட்டியை நம்பாதீர்கள்: அதை இயக்கிய ஃபீட்பர்னர் 2021இல் மின்னஞ்சல் சேவையை நிறுத்திவிட்டது, பெட்டி மட்டும் பொம்மையாக நிற்கிறது. அதை எடுத்துவிட்டு ஃபாலோ.இட், மெயில்சிம்ப் போன்ற மின்னஞ்சல் சேவை ஏதாவது ஒன்றை இணையுங்கள். புத்தகம் வரும் அன்று உங்களிடம் இருக்கப்போவது இந்தப் பட்டியல்தான். ஃபேஸ்புக் நண்பர் ஐயாயிரம் பேர் இருந்தாலும் பதிவு யார் கண்ணில் படும் என்பது அந்த நிறுவனத்தின் கையில்.

அப்புறம் முகப்பு. வலைப்பூ புதியதை மேலே தள்ளிக்கொண்டே போகும், புதிதாக வருகிறவருக்கு எங்கே தொடங்குவது என்று புரியாது. "பக்கங்கள்" பகுதியில் இரண்டு பக்கம் செய்யுங்கள்: ஒன்றில் கதை, கட்டுரை, மதிப்புரை என்று நீங்களே கையால் வரிசைப்படுத்திய பட்டியல். இன்னொன்று அறிமுகம்: ஐந்து வரி, வெளிவந்த கதைகளின் இதழ், மாதம், தொடர்பு மின்னஞ்சல். ஒரு பதிப்பாளர் உங்களைத் தேடி வந்தால் முதலில் திறப்பது அதைத்தான். பிறந்த தேதியும் வீட்டு முகவரியும் அங்கே வேண்டாம்.

கம்பிவடம்:

கடைசிப்பக்கம் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்குங்க. மாசம் ஒரு தடவை செட்டிங்ஸ்ல "பேக்கப்" எடுங்க. அதுல எழுத்தும் பின்னூட்டமும் இருக்கும், படத்துக்கு அதை நம்பாதீங்க. படத்தைத் தனியா ஒரு ஃபோல்டர்ல வைங்க.

புதுமழை:

வாரம் எத்தனை பதிவு போடலாம்? விளம்பரம் போட்டால் டொமைன் செலவாவது வருமா?

கடைசிப்பக்கம்:

பத்து நாளைக்கு ஒன்று போதும், 1,000 முதல் 1,500 சொல். நான்கு பதிவை எழுதி முடித்து அட்டவணையில் போட்டுவிட்டுத்தான் ஐந்தாவதைத் தொடுங்கள். நாவலுக்கு உட்கார வேண்டிய காலைப்பொழுதை வலைப்பூ தின்ன ஆரம்பித்தால் இருபது நாளைக்கு ஒன்று என்று குறையுங்கள்.

ஆட்சென்ஸ் (கூகுளின் விளம்பரத் திட்டம்) 2018 முதல் தமிழுக்கு உண்டு. உங்கள் பார்வை எண்ணிக்கைக்கு டொமைன் காசு வராது. கதையின் நடுவில் கடன் விளம்பரம் வரும். போடாதீர்கள்.

மெய்ப்பு:

ஒத்துப்போகிறேன், மதிப்புரையைத் தவிர. அது 600 சொல்லே தாராளம்.