தடித்த எழுத்தும் மூன்று சுழி ண-வும்

மொரீஷியஸில், போர்ட் லூயிஸில் ஒரு சின்ன அச்சகத்தில் டிசைன் வேலை பார்க்கிறேன். தைப்பூசக் காவடிக்கு ஒரு கோவிலிலிருந்து அழைப்பிதழ் வேலை வந்தது. மேலே பிரெஞ்சு, கீழே தமிழ். கோவில் தலைவர் பழைய அழைப்பிதழ் ஒன்றை நீட்டி, "தம்பி, இதே எழுத்துத்தான் வேணும், பார்த்தாலே ஒரு கனம் இருக்கு" என்றார். பார்த்தால் கிளாரெண்டன் போல்டு.

அது 1845-இல் லண்டன் ஃபேன் ஸ்ட்ரீட் எழுத்து வார்ப்படசாலையில் ராபர்ட் பெஸ்லி வெளியிட்ட எழுத்து. அச்சு வெட்டியவர் பெஞ்சமின் ஃபாக்ஸ். அதற்கு முந்தைய கனத்த எழுத்துகளில் குதிகால், அதாவது தண்டின் நுனியில் நிற்கும் சிறு கோடான செரிஃப், செங்கல் வைத்த மாதிரி நேராக முட்டி நிற்கும். இதில் தண்டு மெல்ல வளைந்து குதிகாலில் இறங்கும், மரம் வேருக்கு இறங்குவது போல. சின்ன ஆர், சின்ன ஏ இரண்டின் முனையிலும் மிளகு அளவுக்கு ஓர் உருண்டை. எனக்கு மிகவும் பிடித்த எழுத்து, மறைக்கவில்லை.

பிரெஞ்சு பக்கம் பெரிய தொல்லை இல்லை. 'ஃபெத்' என்ற சொல்லின் தொப்பிக்குறி மேல்வரியில் இடித்தது, இடைவெளி கூட்டினேன். தமிழில்தான் மாட்டிக்கொண்டேன். கனத்துக்குக் கனம் என்று இருப்பதிலேயே தடித்த தமிழ் எழுத்துருவைப் போட்டேன். மஞ்சள் நிற அட்டை, பளபளப்பு இல்லாதது, மசியை உறிஞ்சும். புரூஃபில், அதாவது சோதனை அச்சில், 'தண்டாயுதபாணி'யின் இரண்டு ண-வும் சுழி அடைத்து, வரிசையாக வைத்த கூழாங்கல்லாகிவிட்டன. திரையில் எல்லாம் அழகாகத்தான் இருந்தது!

அப்புறம் நோட்டோ செரிஃப் தமிழ் என்ற எழுத்துருவுக்கு மாறினேன். கனத்தில் ஒரு படி குறைவு, அளவில் இரண்டு பாயிண்ட் கூடுதல். தமிழில் குதிகாலைத் தேடுவது வீண் வேலை. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் இரண்டு மொழி வரியும் ஒரே கருமையில் தெரிய வேண்டும், அதுதான் கணக்கு.

*ரோஸ் ஹில்லிலிருந்து:*
அண்ணா, எனக்கும் இதே கதை. மாலை வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல் அட்டை செய்தேன், அகராதி மாதிரி தலைச்சொல் மட்டும் தடித்து. கிளாரெண்டனே அப்படி அகராதியில் சொல்லைத் தூக்கிக் காட்டத்தானே வந்தது? வீட்டில் கிரியோல் பேசும் பிள்ளைகள் ன, ண இரண்டையும் சுழி எண்ணித்தான் பிரிக்கிறார்கள். சுழி அடைத்தால் எதை எண்ணுவது? மெல்லிய எழுத்தில் திரும்ப அச்சிட்டேன்.

*காத்ர் போர்னிலிருந்து:*
என் மாமா கடைப் பலகை எழுதியவர். உருண்டை முனைக்குத் தூரிகையை ஓர் அழுத்து அழுத்தினால் போதும், குதிகால்தான் நேரம் தின்னும் என்பார். எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி, குதிகால் வைத்தால் கூடுதல். ஆமாம், அந்தப் பழைய அழைப்பிதழில் இருந்தது பெஸ்லியின் கிளாரெண்டன்தானா?

*மீண்டும் போர்ட் லூயிஸ்:*
சொல்ல முடியாது தம்பி. பெஸ்லிக்குக் கிடைத்த உரிமைப் பாதுகாப்பு மூன்றே வருடம். முடிந்ததும் மற்ற வார்ப்படக்காரர்கள் ஆளுக்கொன்று வார்த்தார்கள், அத்தனைக்கும் அதே பெயர். தலைவருக்கு அதெல்லாம் கவலையே இல்லை. இரண்டாவது புரூஃபை வெளிச்சத்தில் பிடித்து, ண மேல் விரல் வைத்து "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.