அயர்லாந்தில் இரண்டு தடவை வாக்கெடுப்பு நடந்ததே, பிரிட்டனில் ஏன் நடக்கவில்லை?

வைகைக்கரை:
நான் 2022-இல் இங்கே படிக்க வந்தவன். ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு பிரிட்டன் வெளியேறுவதா என்ற பிரெக்ஸிட் வாக்கெடுப்பு நடந்தபோது மதுரையில் பிளஸ் டூ முடித்துவிட்டு சுற்றிக்கொண்டிருந்தேன், அதனால் விவரம் தெரியாமல் கேட்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பகுதி நேரமாகப் போகும் கிடங்கில் இரண்டு வெள்ளைக்காரர்கள், பழைய நண்பர்கள், இந்தப் பேச்சு வந்த அன்றைக்கு மட்டும் தனித்தனி மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். 2016 ஜூன் 23-இல் வெளியேறு 51.9 சதவீதம், இருப்போம் 48.1. இவ்வளவு ஒட்டி வந்த முடிவு, எப்படி வெளியேறுவது என்ற ஒப்பந்தம் கைக்கு வந்தபிறகு மக்களிடமே இன்னொரு தடவை கேட்டிருந்தால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும்? அயர்லாந்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீஸ் ஒப்பந்தத்தை 2001-இல் வேண்டாம் என்றார்கள், 2002-இல் சரி என்றார்கள். லிஸ்பன் ஒப்பந்தத்துக்கும் 2008, 2009 என்று அதே கதைதான். அங்கே ஜனநாயகம் செத்தா போய்விட்டது?

ஹாரோ அண்ணாச்சி:
தம்பி, அயர்லாந்தை இங்கே இழுக்காதீர்கள். நீஸுக்கு முதல் தடவை ஓட்டுப் போட வந்ததே 35 சதவீதம் பேர்தான், அதனால் மறுபடி கேட்க ஒரு சாக்கு இருந்தது. லிஸ்பனுக்கு நடுவில் ராணுவ நடுநிலை, வரி, கருக்கலைப்பு பற்றியெல்லாம் உறுதிமொழி வாங்கிவந்து கேட்டார்கள். இங்கே 72 சதவீதம் பேர் வந்து போட்டிருக்கிறார்கள். கோளாறு முதல் சீட்டிலேயே இருந்தது. மாப்பிள்ளை யார் என்றே சொல்லாமல் கல்யாணத்துக்குச் சம்மதமா என்று கேட்டது மாதிரி, வெளியேறுவதா இருப்பதா என்று மட்டும் கேட்டார்கள், எப்படி வெளியேறுவது என்று கேட்கவில்லை. அப்புறம் பிரதமராக இருந்த தெரசா மே கொண்டுவந்த மாப்பிள்ளையை, அதாவது வெளியேறும் ஒப்பந்தத்தை, இரண்டு வீட்டாருக்கும் பிடிக்கவில்லை. 2019 ஜனவரி 15-இல் நாடாளுமன்றத்தில் 432-க்கு 202 என்று தோற்கடித்தார்கள்.

என் கோபம் மறுவாக்கெடுப்பு கேட்ட நம் பக்கத்து ஆட்கள் மேல்தான் (நானும் ஊர்வலத்தில் நடந்தவன்). 2019 ஏப்ரல் 1-இல் நாடாளுமன்றத்தில் மறுவாக்கெடுப்பு யோசனை 280-க்கு 292 என்று தோற்றது. அதே இரவு, வெளியேறினாலும் ஐரோப்பாவோடு சுங்க ஒன்றியத்தில் (நடுவில் சுங்க வரி இல்லாத கூட்டு) இருக்கலாம் என்ற யோசனை வெறும் 3 ஓட்டில் போனது. மறுவாக்கெடுப்பு கேட்டவர்களில் நாலு பேர் அதற்குக் கை தூக்கியிருந்தால் தேறியிருக்கும். முழுசும் வேண்டும் என்று நின்றார்கள், கடைசியில் அரையும் கிடைக்கவில்லை.

லெஸ்டர் மாமா:
நான் வெளியேறு என்றுதான் போட்டேன், இதில் ஒளிக்க என்ன இருக்கிறது. ஐரோப்பியக் கூட்டில் இருப்பதா என்று 1975-இல் கேட்டபோது 67 சதவீதம் பேர் இருப்போம் என்றார்கள், பிடிக்காதவர்கள் அடுத்த வாக்கெடுப்புக்கு 41 வருடம் காத்திருந்தார்கள். நீங்கள் மூன்று வருடம்கூடப் பொறுக்கவில்லை. முடிவை நடைமுறைப்படுத்துவதற்கு முன்னாலேயே மறுபடி கேட்டால், முதலில் போட்ட 1 கோடியே 74 லட்சம் பேர் என்ன முட்டாள்களா? அதற்குத்தான் 2019 டிசம்பர் தேர்தலில் பதில் சொன்னோம். ஆறு மாதத்தில் மறுவாக்கெடுப்பு என்ற எதிர்க்கட்சியான லேபர் 202 இடத்தோடு நின்றது. முன்னாள் லேபர் பிரதமர் டோனி பிளேர் ஜெயித்துவந்த செட்ஜ்ஃபீல்ட் தொகுதியே கையைவிட்டுப் போனது.

ஹாரோ அண்ணாச்சி:
மாமா, அதே தேர்தலில் ஜெயித்த கன்சர்வேட்டிவ் கட்சி வாங்கியது 43.6 சதவீதம். மறுவாக்கெடுப்பு கேட்ட கட்சிகளின் ஓட்டைக் கூட்டினால் பாதியைத் தாண்டும். அப்புறம் பொறுமை பற்றி வெளியேறு பக்கத்துத் தலைவர் ஃபராஜிடம் சொல்லுங்கள். 52-48 என்று தன் பக்கம் தோற்றால் விஷயம் முடிந்ததாக ஆகாது என்று வாக்கெடுப்புக்கு முன்னாலேயே சொன்னவர் அவர்தான்.

பனங்கொட்டை:
நீங்கள் இரண்டு பேரும் ஓட்டுப் போட்டதையாவது வைத்துச் சண்டை பிடிக்கிறீர்கள். நான் டச்சுக் கடவுச்சீட்டோடு 2004-இல் லண்டன் ஈஸ்ட்ஹாமுக்கு வந்தவன், பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று நெதர்லாந்தில் இருந்து குடும்பத்தோடு கிளம்பிவந்த எத்தனையோ தமிழ்ச் சனத்தில் ஒருத்தன். பன்னிரண்டு வருடம் வரி கட்டியும் 2016-இல் எனக்கு வாக்கு இல்லை. என் வீட்டு மேல் அறையில் வாடகைக்கு இருந்த யாழ்ப்பாணத்துப் பொடியன், மாணவர் விசாவில் வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை, பொதுநலவாய நாட்டவன் என்பதால் அவனுக்கு வாக்கு இருந்தது. "அண்ணை, எதுக்குப் போட?" என்று என்னிடமே வந்து கேட்டான். மறுவாக்கெடுப்பு வந்திருந்தாலும் அதே வாக்காளர் பட்டியலை வைத்துத்தான் நடத்தியிருப்பார்கள் என்று எனக்குப் பட்டது, அதனால் ஊர்வலம் எல்லாம் என் வீட்டில் ஒருத்தரையும் அசைக்கவில்லை. கடைசியில் 2021 ஜூன் 30-க்குள் விண்ணப்பம் போட்டால்தான் இங்கேயே இருக்கலாம் என்றார்கள். போனில் கடவுச்சீட்டை வைத்து ஸ்கேன் பண்ணப் பண்ண அது வாசிக்கவே இல்லை, மகள்தான் செய்து தந்தாள்.

லெஸ்டர் மாமா:
அது அநியாயம்தான் தம்பி, ஒத்துக்கொள்கிறேன். ஐரோப்பாக் கதவை மூடினால் நம் ஊர் சமையல்காரர்களுக்கு விசா சுலபமாகும் என்று சொன்னார்கள், நானும் நம்பினேன். அதைப் பற்றி இப்போது கேட்காதீர்கள்.

வைகைக்கரை:
அப்படியென்றால் ஸ்காட்லாந்து? 2016-இல் 62 சதவீதம் பேர் இருப்போம் என்று போட்டவர்கள். 2014-இல் தனிநாடு வாக்கெடுப்பில் பிரிட்டனோடு இருக்கலாம் என்று சொன்னதே ஐரோப்பாவிலும் இருக்கலாம் என்று நம்பித்தான் என்கிறார்கள். அவர்கள் அந்த வாக்கெடுப்பை மறுபடி கேட்டால், லண்டன் சம்மதிக்காமல் முடியாது என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதையும் நியாயம் என்பீர்களா மாமா?

சரி, பனங்கொட்டை அண்ணா, அந்தப் பையன் கடைசியில் எதற்குத்தான் போட்டான்?

பனங்கொட்டை:
இரண்டு ஷிஃப்ட் ஒன்றாகச் செய்துவிட்டு வந்து படுத்தவன், எழும்பும்போது இரவு பத்தரை. வாக்குச்சாவடி பத்துக்கே பூட்டியாச்சு.